பழைய விலைக்கு ஆறு லென்ஸ்

நர்ஸ் கைக்குட்டையை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு பற்கள் இருந்தன. வேரோடு வந்த முன்பற்கள். ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"என் தம்பியோடது. இப்பதான் ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன். என் கையில துப்பினான்," என்றாள். மருத்துவமனையில் எத்தனையோ காயங்களுக்குக் கட்டுப் போட்டவள்தான். ஆனாலும் குரல் உடைந்துவிட்டது.

"அடப்பாவிகளா!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டு ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. யாரையாவது துரத்திப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அந்த ஆசையோடு தினமும் காலை எட்டு மணிக்கே மாடியிலிருந்து இறங்கிக் கீழ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

கீழ் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் அம்மா. எரிந்த குடோன்களையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து, தானாக நடந்ததா, யாராவது செய்ததா என்று கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலையாக இருந்தது. வேலை முடிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பற்களைத் தொடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நர்ஸ் பக்கம் நகர்த்தினார்.

"உட்காரும்மா. தம்பி எதுக்கு உள்ள இருக்கான்?"

"நேத்துக் கேமராக் கடை முதலாளியைக் கொன்னுட்டாங்கல்ல? அது இவன்தான்னு சொல்றாங்க."

அவள் தம்பிக்குப் பறவைப் படம் எடுப்பது தொழில். ஒரு பறவைக்காக நாலு மணி நேரம் அசையாமல் நிற்பான் என்பதால் ஊரே அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். பறவைகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றுக்குப் படம் எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் பெரிய லென்ஸ் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு, ஒன்பது லட்சம். அக்காவின் ஐந்து வருடச் சேமிப்பை முன்பணமாகக் கட்டிக் காத்திருந்தான்.

"நேத்துக் காலையில ரேடியோவுல வரி ஏறுதுன்னு சொன்னாங்க..."

"கேமராவுக்கும் லென்ஸுக்கும் இறக்குமதி வரி பத்து பர்சென்ட்டுலேருந்து முப்பத்தஞ்சு. பகல் பன்னெண்டு மணியிலேருந்து," என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"ஆமா. அதைக் கேட்டுட்டு ஓடியிருக்கான். அப்ப பன்னெண்டரை மணி. 'எனக்கு ஒம்போதுக்குத் தருவீங்களா மாட்டீங்களா'ன்னு கேட்டிருக்கான். அவரு கையில ஒரு லிஸ்ட்டை வச்சுக்கிட்டுப் போன்ல பேசிட்டு இருந்தாராம். 'நாலு மணிக்கு வாடா'ன்னு மட்டும் சொல்லியிருக்காரு. இந்தக் கிறுக்கன், ஏமாத்தப் பாக்குறாருன்னு நினைச்சு ஷோகேஸ் கண்ணாடியைக் குத்தி உடைச்சுட்டான். 'மண்டையைப் பொளந்துடுவேன்'னு கத்திட்டு வந்திருக்கான். சட்டையெல்லாம் ரத்தம். அது அவன் கை கிழிஞ்ச ரத்தம்மா! ரெண்டு மணிக்குப் பாத்தா முதலாளி மண்டை நிஜமாவே பொளந்து கிடக்கு. ஒரு மணிக்கு எங்கடா இருந்தேன்னா, குளத்தோரமா உட்காந்திருந்தேங்கிறான். யாரும் பாக்கல."

"குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டானா?"

"இன்னும் இல்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள போடலைன்னா அடுத்தது விரல்னு சொல்லியிருக்காங்க. போட்டா தூக்கு. போடலைன்னா விரல். விரல் போச்சுன்னா அவன் செத்த மாதிரிதாம்மா."

இன்சூரன்ஸ் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடை இரண்டு அறைகள். முன்னால் விற்பனை, பின்னால் முதலாளியின் அறை, அதற்கும் பின்னால் சந்துக்குத் திறக்கும் கதவு. பகல் ஒரு மணிக்கு முன்கதவைச் சாத்திவிட்டு முதலாளி உள்ளே சாப்பிடுவார். கடையில் கேமரா பழுது பார்க்கும் மெக்கானிக் வீட்டுக்குப் போய் இரண்டு மணிக்கு வருவார். நேற்றும் அப்படித்தான். வந்து பார்த்தபோது முதலாளியின் முகம் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லையாம்.

உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். ரத்தம் அங்கேயே இருந்தது. சுவரில், நாட்காட்டியில், மின்விசிறியின் இறக்கையில்கூட. தரையில் கேமராவைத் தாங்கும் இரும்பு ட்ரைபாட் ஒன்று கிடந்தது. மூன்று காலில் ஒன்று வளைந்து, அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது.

"பதினாலு அடி," என்றார் இன்ஸ்பெக்டர். தூங்காத கண்கள். பழைய இன்சூரன்ஸ் வழக்குகளில் அம்மாவைத் தெரிந்தவர். "முதல் ரெண்டு அடியிலேயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. ஒண்ணுக்கும் ஒன்றரைக்கும் நடுவுல. மிச்சம் பன்னெண்டும் வெறி. அந்தக் கொக்கைத் தவிர வேற யாருக்கு மேடம் அவ்வளவு கோவம்?"

"தெரியாது. பாக்கிறேன்."

அம்மா மேசையைத்தான் பார்த்தார். மேசை முழுக்க ரத்தப் புள்ளிகள், அள்ளித் தெளித்த மாதிரி. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"சாப்பாட்டுத் தட்டு இருந்திருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"தட்டு அலமாரியில கழுவின மாதிரியே இருக்கு. அவரு இன்னும் சாப்பிடவே இல்ல. மாஸ்டர், உங்க விசில் கயித்தைக் கொஞ்சம் குடுங்க."

டிரில் மாஸ்டர் பெருமையோடு கழற்றிக் கொடுத்தார். வட்டத்தின் குறுக்கே கயிற்றைப் பிடித்து, அளவு முடிந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் அம்மா. "பத்திரமா வச்சுக்குங்க. ஊதிக்கீதித் தொலைக்காதீங்க."

முன்னறையில் முதலாளியின் மைத்துனர் உட்கார்ந்து விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இறந்தவரின் மனைவிக்குத் தம்பி, கடையில் பாதிப் பங்கு. சரக்கு வரவழைப்பதும் சுங்கக் கிடங்கிலிருந்து எடுத்து வருவதும் அவர் பொறுப்பு. கண்கள் சிவந்திருந்தாலும் கையெழுத்து மணிமணியாக இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பதினொரு லட்சம்.

"அத்தான் போனாலும் கடை நிக்கக் கூடாதில்ல," என்றார் தானாகவே. "நேத்து எடுத்துட்டு வந்த லென்ஸ். ஆறு. ஒரு மாசமா கடையில ஒண்ணுகூட இல்லாம இருந்துச்சு."

"ஒம்போது இல்லையா?"

"அது நேத்துவரைக்கும் அம்மா. அடக்க விலை ஏழு. பத்து பர்சென்ட் வரின்னா ஏழு எழுபது. முப்பத்தஞ்சுன்னா ஒம்போது நாப்பத்தஞ்சு. அதுமேல விற்பனை வரி, அதாவது வரிக்கு மேல வரி. அதுக்கும் மேல கடை வாடகை, எங்க லாபம். கூட்டிப் பாருங்க, பதினொண்ணு வரும். கவர்மென்ட் ஏத்துது, நாங்க என்ன பண்றது?"

"ஒண்ணை எடுத்துக் காட்டுங்களேன். நான் இதையெல்லாம் கிட்டப் பாத்ததில்ல."

அவர் ஒரு பெட்டியைப் பிரித்து லென்ஸை எடுத்தார். வெள்ளை நிறம், கைக்குழந்தை கனம். வியாபாரிக்கே உரிய பழக்கத்தில், அகன்ற வாய் கீழே இருக்கும்படி அதை மேசைமேல் நிறுத்தினார். "இப்படித்தான் வைக்கணும். படுக்க வச்சா உருண்டுடும்."

டிரில் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "நேத்து ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

மைத்துனர் வருத்தமாகச் சிரித்தார். "கிடங்குல, வரிசையில. வரி ஏறின நாளு, கேக்கணுமா கூட்டத்தை? மூணு மணிக்குத்தான் என் முறை வந்துச்சு. நாலு மணிக்குச் சரக்கோட வந்தா, வாசல்ல போலீஸ். ரசீதை அப்பவே குடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். டிரில் மாஸ்டர் அதை அணிவகுப்பு மைதானத்துக் குரலில் படித்தார். "நேற்றைய தேதி முத்திரை. லென்ஸ் ஆறு. வரி நூற்றுக்குப் பத்து. பணம் பெறப்பட்டது. குமாஸ்தா கையெழுத்து." முகம் வாடிவிட்டது. "மணி போடலையே!"

"அங்க தேதி மட்டுந்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "குமாஸ்தாவை விசாரிச்சாச்சு. இவரு வரிசையில நின்னதைப் பாத்தேங்கிறான். நாள் பூரா கூட்டம், கடிகாரத்தை யாரு பாத்தாங்கிறான்."

இன்சூரன்ஸ் அம்மா அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். பிறகு ஷோகேஸுக்குப் பின்னால் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் போனார். வயதானவர்.

"நேத்து முதலாளி யாருக்கு ஐயா போன் போட்டாரு?"

"முன்பணம் கட்டின ஆறு பேருக்கும்மா. பன்னெண்டு அடிச்சுக் கொஞ்ச நேரத்துல அவருக்கு ஒரு போன் வந்துச்சு. பேசி முடிச்சதும் ஒரே சந்தோஷம். லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு 'நாலு மணிக்கு வாங்க'ன்னாரு. கொக்குப் பயலும் அந்த ஆறுல ஒருத்தன். அவனுக்கு டயல் பண்ணும்போதே அவனே வந்து நின்னு கத்துறான்." மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நான் சொல்லியிருக்கலாம். வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன்."

அம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கு எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. கொக்கையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அவன்மேல ஒரு விரல் படக் கூடாது."

"அஞ்சு மணிவரைக்கும் பொறுக்கிறேன் மேடம். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

நாலு மணிக்கு அந்தப் பின்னறை நிறைந்துவிட்டது. முதலாளியின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் தெறித்த சுவரைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கைவைத்தபடி மைத்துனர் நின்றார். மெக்கானிக் கதவோரம். விலங்கு மாட்டிய கொக்கை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடியே போயிருந்தது. வலது கையைத் துணியில் சுற்றியிருந்தார்கள். நர்ஸ் ஓடிப்போய்த் துணியை விலக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் திசைமாறி நின்றன.

"அஞ்சு மணின்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த போலீஸ்காரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "நான் இங்க வந்திருந்த நேரத்துல..." என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்சூரன்ஸ் அம்மா மேசைப் பக்கம் போனார். அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் பேசும்போது குரல் எப்போதும்போல்தான் இருந்தது.

"இந்த மேசையில ஒரு வட்டம் சுத்தமா இருக்கு. அடி விழுந்தப்ப அங்க ஏதோ நின்னுக்கிட்டிருந்துச்சு. அடிச்சவன் போகும்போது அதை எடுத்துட்டுப் போயிட்டான். மாஸ்டர், காலையில அளந்த கயிறு?"

டிரில் மாஸ்டர் விசில் கயிற்றை நீட்டிப் பிடித்தார். அம்மா முன்னறையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துவரச் சொன்னார். அதன் வாயின் குறுக்கே கயிற்றை வைத்தார். முடிச்சு விளிம்பில் சரியாக வந்து நின்றது.

"ஒரு மாசமா இந்தக் கடையில இந்த லென்ஸ் ஒண்ணுகூட இல்ல. சொன்னது நான் இல்ல, இவரு." மைத்துனரைக் காட்டினார். "ஆறு லென்ஸும் நேத்து நாலு மணிக்குத்தான் உள்ள வந்துச்சு. அப்ப ஒரு மணிக்கு மேசைமேல நின்னது எது?"

"இதே அளவுல ஆயிரம் சாமான் இருக்கும்," என்றார் மைத்துனர். "நான் கிடங்குல இருந்தேன். ரசீது இருக்கு."

"ரசீதைத்தான் சொல்ல வர்றேன். இன்ஸ்பெக்டர், அதுல மணி இல்லைன்னு சொன்னீங்க. இருக்கு. வரி எவ்வளவு போட்டிருக்கு?"

"பத்து," என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன வாய் அப்படியே திறந்து நின்றது.

"சரக்கு எப்ப வந்து இறங்கினாலும் சரி, பணம் கட்டி முத்திரை விழுற நேரத்துல என்ன வரியோ அதுதான். பன்னெண்டு மணிக்கு மேல முத்திரை விழுந்திருந்தா முப்பத்தஞ்சு போட்டிருக்கணும். மூணு மணிக்கு முறை வந்த ஆளுக்குக் குமாஸ்தா பத்து எப்படிப் போட்டான்? இவரு பன்னெண்டுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுட்டாரு. வரிசையில நின்னது நிஜம், காலையில. வெளிய வந்ததும் அத்தானுக்குப் போன் போட்டு, பழைய வரியிலேயே எடுத்துட்டேன்னு சொல்லியிருக்காரு. இல்லைன்னா சரக்கு கைக்கு வராம முதலாளி ஆறு பேரையும் நாலு மணிக்கு எந்த தைரியத்துல கூப்பிடுவாரு?"

முதலாளியின் மனைவி மெல்லத் தலையைத் தூக்கினார்.

"பின்கதவு வழியா ஒரு லென்ஸோட வந்திருக்காரு, காட்டுறதுக்கு. மேசைமேல நிறுத்தியிருக்காரு. முன்பணம் கட்டினவங்களுக்குப் பழைய விலைக்கே குடுத்துடலாம்னு முதலாளி சொல்லியிருக்காரு. பழைய வரியில எடுத்த சரக்கைப் புது விலைக்கு வித்தா, ஒரு லென்ஸுக்கு ரெண்டு லட்சம் சும்மா வருது. ஆறுக்குப் பன்னெண்டு."

"கதை!" என்றார் மைத்துனர். "எல்லாம் கதை."

"அப்படின்னா பெட்டியைப் பாத்துடலாம். இவ்வளவு ரத்தத்துக்கு நடுவுல நின்ன லென்ஸை வேற எவனா இருந்தாலும் ஆத்துல வீசியிருப்பான். பதினோரு லட்சத்தை வீச இவருக்கு மனசு வந்திருக்காது."

நான்கு பெட்டிகளில் கம்பெனி ஒட்டிய நாடா அப்படியே இருந்தது. ஐந்தாவது காலையில் எல்லார் கண்ணெதிரே பிரித்தது. ஆறாவதன் நாடாவைக் கிழித்து, மேலே புது நாடா ஒட்டியிருந்தது. அம்மா அந்த லென்ஸை வெளியே எடுத்தார். துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். நடுவில் திருப்புவதற்கான ரப்பர் வளையம், நெருக்கமான வரிகளோடு. நர்ஸிடம் ஒரு ஊக்கு வாங்கி ஒரு வரிக்குள் விட்டு இழுத்தார். பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

நர்ஸ் அதை விரலில் தொட்டு, எச்சில் வைத்துத் தேய்த்தாள். விரல் சிவந்தது.

"ரத்தம்," என்றாள். "இதைப் பாத்துப் பாத்துத்தானே எனக்குப் பாதி வயசு போச்சு."

அடுத்த நொடி மைத்துனன் பாய்ந்தான். இனிமேல் அவனுக்கு மரியாதை எதற்கு? அம்மாவின் கையிலிருந்த லென்ஸைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினான். ஒரு கீறல் படக் கூடாதென்று நேற்று கொலை நடந்த இடத்திலிருந்து எதைத் தூக்கிப் போனானோ, அதே லென்ஸை அம்மாவின் மண்டையைக் குறிவைத்து இறக்கினான். டிரில் மாஸ்டர் குறுக்கே விழுந்தார். அவர் தோள் எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. லென்ஸ் சுவரில் மோதி, கண்ணாடி அவன் முகத்திலேயே தெறித்தது. நெற்றி கிழிந்து வழிந்த ரத்தத்தோடு அவன் வளைந்த ட்ரைபாட்டை நோக்கிக் கை நீட்டினான். இன்ஸ்பெக்டர் அந்தக் கையின்மேல் பூட்ஸ் காலை வைத்து மிதித்தார். டிரில் மாஸ்டர் தரையில் கிடந்தபடியே விசிலை வாயில் வைத்து ஊதினார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

முதலாளியின் மனைவி எழுந்து வந்து தம்பியின் முன்னால் குனிந்தார்.

"எத்தனை தடவைடா அடிச்சே?"

"அக்கா, பன்னெண்டு லட்சம்க்கா. கையில வந்ததை அத்தான் சும்மா தூக்கிக் குடுக்கிறேன்னாரு. சொல்லிச் சொல்லிப் பாத்தேன், சிரிச்சாரு. 'வாக்குக் குடுத்துட்டேன்டா மாப்பிள்ளை'ன்னு சிரிச்சாரு..."

"பணத்தைக் கேக்கல. எத்தனை தடவை அடிச்சே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் அவன் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கையில் ஒட்டிய அவன் ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். பதினொரு லட்சம் என்று எழுதிய சீட்டுகளை எல்லாம் பெட்டிகளிலிருந்து கிழித்தெடுத்தார். ஒரு பெட்டியைத் தூக்கி வந்து கொக்கின் அக்காவிடம் நீட்டினார்.

"ஒம்போதுக்கே எடுத்துக்கம்மா. மிச்சத்தை எப்ப முடியுதோ அப்பக் குடு. அவரு சொன்ன விலை அதுதான்."

விலங்கைக் கழற்றியிருந்தார்கள். கொக்கு இடது கையால் பெட்டியைத் தடவிப் பார்த்தான். வலது கையை உயர்த்த முயன்று வலியில் பல்லைக் கடிக்கப் போனான். அங்கே பல் இல்லை. "க்கா, பட்டன் அமுக்குற விரல்க்கா," என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

"நேராகும்டா. நான் நேராக்குறேன்," என்றாள் அவள். ஆகுமா என்று அவளுக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "தப்பு நடந்துபோச்சும்மா. ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறேன்."

நர்ஸ் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து, இரண்டு பற்களையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். தம்பியின் சுற்றிய கையைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"லென்ஸுக்குப் பழைய விலை, புது விலைன்னு எல்லாரும் கணக்காச் சொன்னீங்க. இதுக்கு என்ன விலை சார்?"

இன்ஸ்பெக்டர் கையை மூடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இன்சூரன்ஸ் அம்மா டிரில் மாஸ்டரைக் கைத்தாங்கலாக எழுப்பினார். நர்ஸ் பெட்டியை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள். ஜீப் வேண்டாமென்று நாலு பேரும் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.